இரண்டாம் வகை நீரிழிவு: சோற்றைக் குறைக்கும் முன் மருந்துச் சீட்டை எடுங்கள்

மொரிசியசில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நானும் அவர்களுள் ஒருவன். மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் உட்கொண்டுவந்த நிலையில் மாவுச்சத்தைக் குறைத்து, எச்பிஏ1சி அளவை (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் குருதிச் சோதனை) மருத்துவர் விரும்பிய 7 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த முறையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: மருந்துச் சீட்டு

உணவில் எதையும் மாற்றுவதற்கு முன் மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் குருதியில் விடும் குளுக்கோசைக் குறைக்கிறது. அதை மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிக்லசைடு, கிளிமெபிரைடு போன்றவையோ, நாம் உண்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. ஒரு தட்டுச் சோற்றைக் கருதி எழுதப்பட்ட அளவை அப்படியே விழுங்கிவிட்டு இரண்டு கரண்டிச் சோறு மட்டும் உண்டால், மிஞ்சிய இன்சுலின் சர்க்கரையை 4 மில்லிமோலுக்கும் கீழே இழுத்துவிடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே உணவு குறையும் நாளிலேயே இம்மருந்துகளும் குறைய வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குக் கிளிக்லசைடை முதலில் பாதியாக்கினார், பின்னர் நிறுத்தினார், மெட்ஃபார்மின் தொடர்கிறது.

எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் ஆகியவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. அவற்றை உட்கொண்டபடி மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், குருதிச் சர்க்கரை அதிகம் உயராமலேயே கீட்டோ அமிலத்தேக்கம் (குருதியில் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவுக்குச் சேரும் நிலை) உண்டாகலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடை குறையும்போது அழுத்தமும் தாழக்கூடும்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சோதித்துப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

இரண்டாம் படி: அளவிடுதல்

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எளிய கருவியே போதும். கருவியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். அதற்குரிய பட்டைகள் உங்கள் ஊர் மருந்தகத்தில் எப்போதும் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பாருங்கள். உணவின் முதல் கவளத்துக்கு முன்பும் அதற்கு இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து, உண்டதையும் அருகிலேயே எழுதுங்கள். கைப்பேசிச் செயலிகளைவிட ஒரு சிறு குறிப்பேட்டையே நான் விரும்புகிறேன், ஏனெனில் மருத்துவர் அதை ஒரே பார்வையில் படித்துவிடுகிறார்.

நமது கருவிகள் மில்லிமோலில் காட்டுகின்றன. தமிழ்நாட்டுக் காணொளிகளோ மில்லிகிராமில் பேசுகின்றன. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும்: 7 என்பது 126.

மூன்றாம் படி: தட்டு

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தையே பொதுவாகக் குறை மாவுச்சத்து உணவு என்கிறார்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் இருக்கிறது. 300 கிராம் சோறு வைத்தாலே அன்றைய கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனவே சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கண்ணளவை நம்பவே கூடாது.

தால் பூரியைப் பருப்புணவு என்று எண்ணிப் பலரும் தயங்காமல் உண்கிறார்கள். மேலே கோதுமை மாவு, உள்ளே பருப்பு. இரண்டிலும் மாவுச்சத்து உண்டு, வழக்கப்படி இரண்டாகச் சேர்த்து வாங்கினால் அதுவும் இரட்டிப்பாகும். மரவள்ளியும் ஈரப்பலாவும் காய்கறிக் கணக்கில் வருவன அல்ல, சோற்றின் இடத்தில் வருவன. முருங்கைக்கீரை, வெண்டை, கத்தரி, பீர்க்கங்காய், ஷூஷூ (சௌசௌ) ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்து, மீனையோ முட்டையையோ கோழியையோ தட்டின் நடுவில் வையுங்கள். ருகாய் என்னும் தக்காளிக் குழம்பில் சர்க்கரை போடாமல் சமைத்தால் எனக்கு அளவு அதிகம் ஏறுவதில்லை. வெனிலாத் தேநீரைச் சர்க்கரையின்றிப் பழகிக்கொள்வது கடினந்தான், ஆயினும் நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவருக்கு அதுவே பெரிய மாற்றம்.

மெட்ஃபார்மினை உணவோடு உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். பல ஆண்டுகள் உட்கொள்பவர்கள் வைட்டமின் பி12 அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எச்பிஏ1சி சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால்தான் மாற்றம் தெரியும்.

பின்சேர்க்கை: காவடி விரதம்

தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதத்தில் இம்முறையைப் பின்பற்ற முடியுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். மீனும் முட்டையும் விலகும்போது அவ்விடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொள்வதே சிக்கல். டோஃபுவும் கீரையும் பன்னீரும் அதைச் சமாளிக்கும். காவடி நாளன்று வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடப்பதால் கிளிக்லசைடு அல்லது இன்சுலின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், குளுக்கோஸ் மாத்திரையை உடன்வருபவர் கையில் கொடுத்துவையுங்கள். கோடை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்கிறோம்; பாத உணர்ச்சி குன்றியவருக்குக் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களே எடுக்கும். விரதம் தொடங்குவதற்கு முன் அதைச் செய்துகொண்டு, உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்தால் வெறுங்காலுடன் நடக்காமல் வேறு விதமாக நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள்.