அமெரிக்காவில் குடும்ப வன்முறை கேஸ் இருக்கும்போது டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விடலாமா?

வீட்டில் சண்டை, 911-க்கு போன், போலீஸ், ஒரு இரவு லாக்கப், மறுநாள் பெயில். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்களில் சிலருக்கு அடுத்து வரும் யோசனை, "பேசாமல் இந்தியா போயிடலாம், அங்கே வந்தா பிடிக்கப்போறாங்க?" என்பதுதான். சின்ன கேஸுக்காக யாரும் தேடி வரமாட்டார்கள், அது பெரும்பாலும் உண்மை. ஆனால் 1997-இல் கையெழுத்தான குற்றம் சாட்டப்பட்டவரை ஒப்படைக்கும் இந்திய-அமெரிக்க ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் ஓராண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றங்கள் அதில் வரும். கழுத்தை நெரித்ததாகப் புகார் என்றால் பல மாநிலங்களில் அது நேராக ஃபெலனி, அதாவது கடுமையான குற்ற வகை.

கோர்ட் தேதிக்குப் போகவில்லை என்றால் நீதிபதி வாரண்ட் போடுவார், பெயில் பணம் போகும், ஆஜராகாததே தனிக் குற்றமாகச் சேரும். கொஞ்ச வருஷம் கழித்தால் காலாவதியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. காலக்கெடு எல்லாம் வழக்குப் போடுவதற்குத்தான், போட்ட பிறகு ஓடியவருக்கு அது உதவாது. வாரண்ட் அப்படியே கிடக்கும், பல வருஷம் கழித்து அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை வைக்கும்போது திரையில் வந்து நிற்கலாம்.

அதைவிட மோசமான தவறு, மனைவியிடம் பேசி கேஸை வாபஸ் வாங்க வைத்துவிடலாம் என்று நினைப்பது. அங்கே வழக்கை நடத்துவது அரசு. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் தொடர்வதா கைவிடுவதா என்பது அரசு வக்கீல் முடிவு. கைதான உடனே பெரும்பாலும் தொடர்பு கொள்ளக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கும், அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு "சாரி" அனுப்புவதும், அம்மாவையோ நண்பனையோ விட்டு சமாதானம் பேசச் சொல்வதும் உத்தரவை மீறியதாகிவிடும். அடிபட்டவரை மிரட்டுவதிலிருந்து காக்கத்தான் அந்த உத்தரவு, அதனால் நீதிபதிகள் இதில் இரக்கம் பார்ப்பதில்லை. குடியேற்றச் சட்டத்தில் இன்னொரு பிடியும் உண்டு: 1996-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாப்பு உத்தரவை மீறினார் என்று கோர்ட் முடிவு செய்தாலே நாடு கடத்தலாம், அதற்குத் தண்டனைத் தீர்ப்பு வேண்டும் என்றுகூட இல்லை. கிரீன் கார்டு இருந்தாலும் இதே கதைதான்.

"வன்முறைத் தடுப்பு வகுப்புக்குப் போனால் கேஸ் தள்ளுபடி" என்ற பேரத்துக்கும் உடனே தலையாட்ட வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு கட்டுப்பாட்டையும் ஏற்றால், பிறகு மாநில கோர்ட் கேஸையே அழித்தாலும் குடியேற்றத் துறை அதைத் தண்டனையாகவே எண்ணும். இதையெல்லாம் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கேட்டு வாங்குங்கள். முடிந்தால் தனியாக ஒரு இமிகிரேஷன் லாயரையும் பாருங்கள்.

அப்புறம் விசா. கைது செய்தி தெரிந்ததும் தூதரகம் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பலாம். அதனால் அமெரிக்காவுக்குள் இருப்பவரின் ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி தங்கும் நிலை, உடனே முடிந்துவிடாது, ஆனால் வெளியே காலை வைத்தால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது, வாரண்டை வைத்துக்கொண்டு புது விசா கேட்பது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்பார்கள். "இல்லை" என்று போட்டால் பொய் சொன்னதற்காகவே வாழ்நாள் தடை வரலாம்.

உண்மையிலேயே போக வேண்டிய அவசரம், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், வக்கீல் மூலம் மனுப் போட்டு நீதிபதியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் போகலாம், விசா நிலையைப் பார்த்துவிட்டு. ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டவர்கள் வழக்கு இருக்கும் கவுண்ட்டியிலேயே (நம் மாவட்டம் போன்றது) ஒரு வக்கீலைப் பிடியுங்கள். சில இடங்களில், சின்ன வழக்குகளில், அவரே ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்க முடியும். தாமதமாக ஆக நீதிபதி காது கொடுப்பது குறையும்.