முதல் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டி: புதிதா, பழையதா?

முதன்முதலாகச் சிற்றலை வானொலி வாங்கப் போகிறீர்கள், பழைய பெட்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பத்து நிமிடம் சிற்றலையில் போட்டுக் கேட்டுப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் பழையதை யோசிக்கலாம். படத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்ப வேண்டும் என்றால் புதியதையே வாங்குங்கள். "எஃப்எம் நல்லா பாடுது" என்று விற்பவர் சொல்வது சிற்றலைக்குச் சான்று ஆகாது. பெரும்பாலான பெட்டிகளில் பண்பலைக்கும் சிற்றலைக்கும் முன்பகுதிச் சுற்றுகள் தனித்தனி. ஒன்று பாடும்போது மற்றது செத்துக் கிடக்கலாம்.

படி 1: எதைக் கேட்கப் போகிறீர்கள்?

முப்பது வருடங்களுக்கு முன் இருந்த அளவுக்கு இப்போது நிலையங்கள் இல்லை. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் நிலையங்களும் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று, அலைவரிசைகளை மாற்றுகின்றன. அதனால் பழைய அட்டவணையை நம்பிப் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். நடப்புப் பருவத்தின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாம் வானொலி ஆர்வலர்களின் (உரிமம் பெற்றுத் தங்களுக்குள் வானொலியில் பேசிக்கொள்பவர்கள்) பேச்சையும் கேட்க ஆசை என்றால் எஸ்எஸ்பி வசதி கட்டாயம்; அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் பேச்சைப் புரியவைப்பது அது. 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை அவர்கள் பேசுவது, அந்த வசதி இல்லாத பெட்டியில் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். இந்தப் பகுதிக்கு எல்எஸ்பி (அலையின் கீழ்ப்பக்கம்), 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே யுஎஸ்பி (மேல்பக்கம்).

படி 2: பெட்டியில் இருக்க வேண்டியவை

எண்களைத் தட்டி அலைவரிசைக்கு நேராகப் போகும் விசைப்பலகை வேண்டும். முள் நகரும் மலிவான பெட்டியில் 9400 கிலோஹெர்ட்ஸுக்கும் 9900-க்கும் இடையே ஒரு விரல் அகலம்தான் இருக்கும். எந்த நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியாமலே பொழுது போய்விடும். அத்தகைய பெட்டிகளில் பல ஒற்றை மாற்றச் சுற்று (வரும் அலையை ஒரே முறை வேறு அலைவரிசைக்கு மாற்றுவது) கொண்டவை. அவற்றில் ஒரே நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு இடத்திலும் போலியாக வரும்: 9750-ல் உள்ளது 8840-லும் கேட்கும். புதியவர் அதை வேறு நிலையம் என்று நினைத்துக் குறித்து வைத்துவிடுவார். இரட்டை மாற்றச் சுற்று உள்ளதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மத்திய அலைக்கு 9 கிலோஹெர்ட்ஸ் படிநிலை இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும். திருச்சி வானொலியின் 936-ஐத் தேடினால் 930, 940 என்றுதான் நிற்கும். பலவற்றில் இதை மாற்றிக்கொள்ளலாம். வழி கையேட்டில் இருக்கும். வெளி ஏரியலுக்கு ஒரு துளையும் இருந்தால் நல்லது.

படி 3: புதியது என்றால்

டெக்சன் பிஎல்-330 முதல் பெட்டிக்குப் பொருத்தமானது. உள்ளங்கை அளவு, சிற்றலை 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் வரும், எஸ்எஸ்பி உண்டு. பழைய நோக்கியா போன்களில் இருந்த பிஎல்-5சி (BL-5C) பேட்டரிதான் இதற்கும் என்பதால், பேட்டரி தளர்ந்தால் மொபைல் பழுதுபார்க்கும் கடையிலேயே மாற்று கிடைக்கும். எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 சற்றுப் பெரியது, 18650 பேட்டரியில் ஓடுவது. இரண்டும் டிஎஸ்பி சில்லு வகை, அதாவது அலையை எண்களாக்கிக் கையாளும் சில்லு கொண்டவை. வந்த அன்றே கீழே உள்ள சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் கடந்தபின் குறை தெரிந்து பயனில்லை.

படி 4: பழையது என்றால் இப்படிச் சோதியுங்கள்

மாலை ஆறரைக்கு மேல் போங்கள். பகலில் 31 மீட்டர் பகுதி (9400–9900 கிலோஹெர்ட்ஸ்) மந்தமாக இருக்கும். நல்ல பெட்டியைக்கூட அது மோசமாகக் காட்டும். பகலில்தான் முடியும் என்றால் 15100–15800 பகுதியில் தேடுங்கள். அந்தப் பெட்டிக்கு வேண்டிய புது பேட்டரிகள், ஓர் இயர்போன், டார்ச் கொண்டு போங்கள்.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். சுருள்கம்பியில் லேசாக வெள்ளைப் பூச்சு இருந்தால் பரவாயில்லை. வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனால் பச்சைக் கறை கம்பி வழியாக உள்ளே ஏறியிருந்தால், பலகையில் உள்ள செம்புத் தடத்தையும் அது தின்றிருக்கலாம். அப்படியென்றால் வாங்க வேண்டாம். ஏரியலை ஒவ்வொரு கண்ணியாக இழுத்து அடிப்பகுதியை அசையுங்கள். திருகு தளர்ந்திருந்தால் சிக்கல் இல்லை. அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கிறது.

இப்போது 9400-ஐத் தட்டி, ஐந்து ஐந்தாக 9900 வரை ஏறுங்கள். பல நிலையங்கள் வர வேண்டும். காலியான இடத்தில் நிறுத்தி ஏரியலைக் கையால் பிடியுங்கள்: இரைச்சல் சட்டென்று மாற வேண்டும். மாறவே இல்லை, பண்பலை மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், ஏரியலை அடுத்துள்ள டிரான்சிஸ்டர் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். நீள வயரை மாட்டி வைத்த பெட்டிகளில் நிலைமின்னேற்றம் தாக்கி இது நடக்கும். 1985-ல் வந்த சோனி ஐசிஎஃப்-2001டி இதற்குப் பேர்போனது. அருமையான பெட்டிதான், ஆனால் இந்த ஒரு சோதனை செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

அடுத்து 10000. சீனாவின் பிபிஎம் நேர நிலையம் இங்கே நொடிக்கு ஒரு டிக் ஒலியை அனுப்புகிறது. இருட்டியபின் தென்னிந்தியாவில் பெரும்பாலும் பிடிபடும். எஸ்எஸ்பியைப் போட்டு யுஎஸ்பி, எல்எஸ்பி மாற்றிப் பாருங்கள். அலைவரிசை சரியாக இருந்தால் சீழ்க்கை ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். சீழ்க்கை எவ்வளவு கீச்சென்று இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பெட்டி விலகியிருக்கிறது. நுண்சரிசெய்யும் குமிழ் உள்ளதில் அதை நடுவில் வைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் முடிவு தவறாகும்.

விசைகள் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்துங்கள். அலைவரிசைக் குமிழை ஒரே பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். எண் முன்னும் பின்னும் குதித்தால் குமிழின் உள்தொடர்பு தேய்ந்திருக்கிறது. ஒலிக் குமிழ் கரகரத்தால் அஞ்ச வேண்டாம், காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டில் தீரும். எல்லா அலையிலும் சத்தம் அடங்கி, முழுதாகத் திருப்பியும் மங்கலாக வந்தால் அது கெபாசிட்டர் கோளாறு. சோனி எஸ்டபிள்யூ55, எஸ்டபிள்யூ77 இரண்டிலும் பலகை மேல் ஒட்டிய சிறு கெபாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிப்பது அடிக்கடி நடக்கும். தேர்ந்த கை இல்லாமல் சரிசெய்ய முடியாது; அவற்றை மாற்றிவிட்டதாக விற்பவர் சொன்னால் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மடக்குப் பெட்டியான எஸ்டபிள்யூ100-ஐ ஒலி வரும்போதே திறந்து மூடிப் பாருங்கள். கீலில் ஓடும் நாடாக் கம்பி அறுவதுதான் அதன் நோய்.

இத்தனையும் தேறினாலும், பழையதன் விலை புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் எங்கள் ஆலோசனை புதியதுதான். ஒரு விலக்கு: 2001-ல் வந்த சோனி எஸ்டபிள்யூ7600ஜிஆர். ஒலி ஏறி இறங்கும்போது வரும் கரகரப்பை அதன் 'சிங்க்' (sync) வசதி நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. அந்த வசதி மலிவான புதுப் பெட்டிகளில் சரியாக அமைவதில்லை. இதன் உற்பத்தி நின்றுவிட்டது; நல்ல நிலையில் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

படி 5: வீட்டுக்கு வந்தபின்

"ஒன்றுமே வரவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி பெட்டியின் குற்றமல்ல. எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் ஆகியவை கிளப்பும் இரைச்சல் சிற்றலையை மூடிவிடும். அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும். மொட்டை மாடிக்குப் போனாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஐந்து முதல் ஏழு மீட்டர் உறை போட்ட வயரை ஏரியலில் கவ்வி மாட்டலாம். அதற்கு மேல் நீட்டினால் சிறிய பெட்டிகள் திணறி, வலுவான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது டிஎக்ஸ்–லோக்கல் (தூரம்–அருகு) சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்கு மாற்றுங்கள். இடி தூரத்தில் கேட்டாலே வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கேட்காத நாட்களில் பென்டார்ச் பேட்டரிகளை உள்ளே விட்டு வைக்காதீர்கள்.