கும்பகர்ணன் சாப்பிடவில்லை என்றால்

நீங்கள் வளர்க்கும் கொம்புத் தவளை தீனியைத் தொடவில்லையா? இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தராசை எடுங்கள். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு கச்சான் காலங்கள் பிடித்தன. கச்சான் என்றதும் கோயில் வாசலில் சுருள் கட்டி விற்கும் கடலையை நினைக்க வேண்டாம். வைகாசியில் தொடங்கி மேற்கிலிருந்து அனலாக வீசி, கொடியில் போட்ட துணியை அரை மணி நேரத்தில் முறுகவைக்கும் காற்றைச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை உப்புவெளியில் தையல் வேலை செய்கிறேன். தவளை என் மகனுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது பத்திரங்களோடு என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். கும்பகர்ணன் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இராவணன் வெட்டு இருக்கிற ஊரில் தம்பிக்கும் ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டான். அது பெண் தவளை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த இனத்தில் பெண்தான் பெரிது, கத்துவது ஆண். பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அதை விற்றவர் மகனிடம், “தினமும் கோழி இறைச்சித் துண்டு போடுங்கள், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்” என்று சொல்லியனுப்பியிருந்தார். இந்தத் தவளை எப்போதுதான் கேட்காது? பாதி உடம்பு வாய். மண்ணுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, முன்னால் அசைவது எதுவானாலும் பாயும். அதன் நாக்கு தன் எடையைவிடக் கூடுதலான பாரத்தைக்கூட ஒட்டி இழுக்கக்கூடியது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். என் விரலையும் ஒருமுறை தீனி என்று நினைத்துக் கவ்வியது. கீழ்த்தாடையில் பல் போல இரண்டு முனைகள் உண்டு, விடவே விடாது. பாய்வதைப் பசி என்று எண்ணி ஊட்டினால் கொழுப்பு ஏறி, கண்ணில் வெண்படலம் படிந்து, ஈரல் கெட்டுச் சாகும். பட்டினியில் செத்த கொம்புத் தவளையைவிடத் தின்று செத்ததுதான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம்.

குஞ்சுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வளர்ந்ததற்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு. இரை அதன் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. நான் தையல் நாடாவால் ஒருதடவை அளந்து, அதே அளவுக்கு ஒரு நூல் வெட்டி வைத்திருக்கிறேன். கும்பகர்ணனுக்கு ஒரு வேளைக்கு மூன்று நான்கு பெரிய மண்புழு போதும். கிணற்றடி வாழைக்குக் கீழே உடைந்த பானை ஒன்றில் இலைதழை போட்டு நானே புழு வளர்க்கிறேன். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். நுளம்புக்குப் புகை அடித்த தெருவில், மருந்து தெளித்த வீட்டில் திரிந்த பூச்சி அது. வெட்டுக்கிளியும் மருந்து படாத இடத்தில் பிடித்ததென்றால்தான். பின்னங்கால் முட்களை ஒடித்துவிட்டுக் கொடுக்கலாம். பல்லி வேண்டாம், ஊர்த் தவளை வேண்டவே வேண்டாம். தேரைக்கு விஷம் உண்டு, மற்றவற்றிலிருந்து ஒட்டுண்ணிகள் வரும்.

மீன்? திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த ஆசையை அடக்குவது கடினம். அம்மா நெத்தலியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறார். நெத்தலி, சூடை வகை மீன்கள் சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. பச்சையாக அடிக்கடி கொடுத்தால் தவளை நரம்புத் தளர்ச்சியில் விழும். கருவாட்டை வாசனை காட்டக்கூடாது. கடல் எங்களுக்குத் தரும் உபயோகமான பொருள் கணவாய் ஓடு. கரையில் பொறுக்கி, உப்பு போகச் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துச் சுரண்டினால் சுண்ணாம்புச் சத்துத் தூள். ஆனால் அதில் டி3 உயிர்ச்சத்து இல்லை. அதற்குக் கடையில் விற்கும், ஊர்வனவற்றுக்கான சத்துத் தூளை இடையிடையே புழுவின்மேல் தூவுகிறேன்.

இனி, சாப்பிடாத கதைக்கு வருவோம்.

இவற்றின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. கும்பகர்ணனின் இனம் ஆர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா பக்கம் விரியும் சாக்கோ வறள்நிலத்துக்கு உரியது. அங்கே மழை நின்றதும் தவளை மண்ணுக்குள் இறங்கி, உரிந்த தோலை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு அடுத்த மழைவரை கிடக்கும். வறட்சி அங்கேயும் ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாதி வரைதான். அங்கே அது குளிரும் வறட்சி, இங்கே கொதிக்கும் வறட்சி, மாதம்தான் ஒன்று. ஆகவே கச்சான் காலத்தில் தீனியைத் திரும்பிப் பார்க்காமல் மண்ணுக்குள் போனால் அதற்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரைதான் அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் வயிற்றில் இருப்பதே சரியாகச் செரிக்காமல் போகலாம். அந்த நேரத்தில் ஊட்டினால் உள்ளே கெட்டுப்போகலாம். பெட்டியைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய மண்சட்டி வையுங்கள். கச்சானில் துணி வேகமாகக் காய்வதால் நன்றாகக் குளிர்விக்கும். மின்விசிறியை நேரே திருப்பாதீர்கள், தோல் காய்ந்துவிடும்.

முதல் வருடம் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் மட்டக்களப்பில் இருந்தேன். ஈரம் இருந்தால் அழுகிவிடும் என்று அம்மா பெட்டியில் பரப்பிய தேங்காய்த் தும்புத்தூளுக்குத் தண்ணீரே தெளிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், பழைய பொலித்தீனில் சுற்றிய ஏதோ ஒன்று அடியில் கிடந்தது. செத்துவிட்டது என்று மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். தொண்டைப் பக்கம் மெல்லத் துடித்தது. தோலை உரிக்காமல், நாசி மூழ்காத அளவு தண்ணீரில் வைத்தேன். தவளை வாயால் குடிப்பதில்லை, வயிற்றுத் தோலால் உறிஞ்சும். மறுநாள் அந்தப் போர்வை நெகிழ்ந்தது. கைகால்களால் இழுத்துத் தானே தின்றது. இரண்டு நாள் கழித்து ஒரு சிறிய புழு. எங்கள் கிணறு அந்த மாதங்களில் சவர்த் தண்ணீராகிவிடும் என்பதால், குழாய் நீரைப் பாத்திரத்தில் பிடித்து ஒருநாள் மூடாமல் வைத்து, மீன் தொட்டிக்கான குளோரின் நீக்கி சில துளி விட்டுத்தான் பாவிக்கிறேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சமையல் தராசில் நிறுத்து நாட்காட்டியில் எழுதுகிறேன். போன வருடம் கச்சானில் தீனியை நிறுத்தியபோது 310 கிராம். ஏழு வாரம் ஒன்றும் தின்னாமல் 294. அம்மா தினமும் “பாவம், பட்டினி” என்றார். நாட்காட்டியைக் காட்டி அவரைச் சமாளித்தேன். வாடைக்காற்று வந்து முதல் பெருமழை பெய்த இரவு கும்பகர்ணன் மேலே ஏறி வாயைப் பிளந்தது. இழந்ததை ஒரே வாரத்தில் ஈடுகட்ட நினைக்காதீர்கள், பழைய கணக்கில்தான் கொடுக்க வேண்டும்.

எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, 26 பாகையில் ஈரமாக இருந்தும் வாரக்கணக்கில் தின்ன மறுத்தாலோ அது பருவம் அல்ல. முதலில் மண்ணை முழுதாக மாற்றுங்கள். கழிவு ஊறிய மண் தோல் வழியாக நஞ்சாகும். வயிறு உப்பி எச்சம் வராமல் இருந்தால் சரளைக் கல்லையோ தும்பையோ விழுங்கியிருக்கலாம். ஆழமில்லாத தண்ணீரில் தினமும் கால்மணி நேரம் இருத்திப் பாருங்கள், எண்ணெய், தேன் என்று கைவைத்தியம் வேண்டாம். பாய்ந்தும் இரை நாக்கில் ஒட்டாமல் நழுவினால் அது பசியின்மை அல்ல, ஏ உயிர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். தாடை தொங்கி வாய் மூடாவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். கொட்டாவி விடுவதுபோல் உடலை முறுக்கினால் ஒன்றுமில்லை, தோல் உரிக்கிறது. அன்று தொந்தரவு செய்யாதீர்கள். தொடையும் அடிவயிறும் சிவந்திருந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்து மிருக வைத்தியர்கள் மாடும் ஆடும் பார்த்தே களைத்தவர்கள். தவளை என்றதும் சிரித்தவர் உண்டு. சிரித்துவிட்டு அக்கறையாகப் பார்த்தவரும் உண்டு. முடியாதென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். காற்றுத்துளை போட்ட டப்பாவில் ஈரப் பருத்தித் துணி விரித்து, அதன்மேல் தவளையை வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் பஸ் குலுக்கலில் மூழ்கும். கடைசி எச்சத்தைத் தனி டப்பாவில் எடுங்கள், நாட்காட்டியையும் கழற்றிக்கொண்டு போங்கள். வெயில் ஏறுமுன் புறப்படும் பஸ்ஸாக இருக்கட்டும். டப்பா உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும், இன்ஜின் பெட்டிமேல் வைக்க விடாதீர்கள்.