மடவை வலசைக் காலத்தில் வழிகாட்டியுடன் தூண்டில் போடுவது எப்படி? ஃபுளோரிடாவுக்கு முதன்முறை செல்வோருக்கான செய்முறை

ஃபுளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரையிலும், மடவை மீன்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கி நகர்கின்றன. பகல்பொழுது குறைவதும், நீர் மெல்லக் குளிர்வதும், வடகிழக்குக் காற்று வலுப்பதும் சேர்ந்து, கோடை முழுவதும் உப்பங்கழிகளில் மேய்ந்து கிடந்த மீன்களை முகத்துவாரங்கள் வழியாகக் கடற்கரைக்குக் கிளப்பிவிடுகின்றன. இவற்றில் வளர்ந்த வரிமடவை ஆழ்கடலில் முட்டையிடச் செல்கிறது. பழவேற்காட்டிலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் வலையில் விழுகிற முகில் செஃபாலஸ் என்ற அதே இனம்தான் இது. அதனுடன் விரல் நீளமேயுள்ள இளம் வெள்ளிமடவைகளும் பெருந்திரளாக நகர்கின்றன. இந்தத் திரளைத் தின்பதற்காகவே ஸ்னூக், டார்பன், ரெட் டிரம், பாரை, புளூஃபிஷ், ஸ்பானிஷ் மேக்கரல் முதலிய மீன்களும் சுறாக்களும் கரையோரம் வந்து குவிகின்றன.

படகும் கருவிகளும் உள்ளூர் அறிவும் இல்லாத ஒருவர் இந்தப் பருவத்தில் மீன்பிடிக்க எளிய வழி, வழிகாட்டும் படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதே. ஆனால் காசு கொடுத்துவிட்டால் மீன் தானாக வந்துவிடும் என்று நினைத்துச் செல்பவர், தம் கண்ணெதிரே நடப்பது என்னவென்று தெரியாமலேயே திரும்பிவிடுவார். வழிகாட்டி உங்களை இடத்துக்குக் கொண்டுசேர்ப்பார். அங்கே மடவைக் கூட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதும், தூண்டிலை எங்கே போடுவது என்று ஒரு நொடியில் முடிவெடுப்பதும் உங்கள் வேலை.

1. இடமும் நாளும்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தியன் ரிவர் லகூன் பகுதியை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த உப்பங்கழித் தொடரில் செபாஸ்டியன், ஃபோர்ட் பியர்ஸ், செயின்ட் லூசி முதலிய முகத்துவாரங்கள் இருப்பதால், கடல் கொந்தளிக்கும் நாளிலும் உள்பக்கம் ஒதுங்கி மீன்பிடிக்க முடியும். வலசை வடக்கிலிருந்து தெற்காக நகர்வதால், செப்டம்பரில் செபாஸ்டியன் பக்கமும் அக்டோபரில் இன்னும் தெற்கே ஜூபிட்டர் பக்கமும் பார்ப்பது பொதுவாகப் பொருந்தும். எனினும் இது நாட்காட்டி பார்த்து நடக்கிற ஊர்வலம் அன்று. ஒரு வாரம் வலுத்து மறுவாரம் அடங்கிவிடும்.

பெரும்பாலோர் முதலில் விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகுதான் ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கவேண்டும். வற்றத்தின்போது கழியின் நீர் மடவைகளையும் சுமந்துகொண்டு முகத்துவாரம் வழியே வெளியேறுகிறது. அப்போது ஸ்னூக் மீன்கள் பாலத் தூண்களுக்கும் கற்சுவர்களுக்கும் பின்னால், நீரோட்டம் குறைந்த இடத்தில், ஓட்டத்தை எதிர்நோக்கி நின்றுகொண்டு வருவதை விழுங்குகின்றன. ஆகவே விடியற்காலையும் வற்றமும் சேர்ந்து வரும் நாள் எது என்று வழிகாட்டியிடமே கேட்டு, அந்த நாளுக்கு உங்கள் விடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஓத அட்டவணையில் உயர்நீர் என்று குறிக்கப்பட்ட நேரத்துக்குப் பிறகும் முகத்துவாரத்தில் நீர் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், அட்டவணையை மட்டும் நம்பி நீங்களே கணக்குப் போடவேண்டாம்.

இது புயற்காலம் என்பதையும் மறந்துவிடலாகாது. அட்லாண்டிக் புயற்பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். முன்பணம் கட்டுவதற்கு முன், வானிலை காரணமாகப் பயணம் நின்றால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தரப்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டிக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் உரிமம் கட்டாயம். சிறு படகுகளுக்குரிய வழக்கமான உரிமம் ஆறு பயணிகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் கழிகளில் ஓடும் 22 அடி, 24 அடிப் படகில் மூவருக்கு மேல் நின்று தூண்டில் வீசினால் ஒருவர் நரம்பு மற்றவர் நரம்பில் சிக்கும். வழிகாட்டி மாநில உரிமம் வைத்திருந்தால் அவரது படகில் வரும் பயணிகளுக்குத் தனி உப்புநீர் மீன்பிடி உரிமம் தேவையில்லை.

தொலைபேசியில் இரண்டு கேள்விகள் போதும். ‘உயிர் இரையை நீங்களே வலைவீசிப் பிடிப்பீர்களா?’ என்பது முதலாவது. ‘இந்த வாரம் மடவை எங்கே இருக்கிறது?’ என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு ‘நிறைய இருக்கிறது, வாருங்கள்’ என்று மட்டும் சொல்பவரைவிட, ‘நேற்று மேற்குக் கரையில் இருந்தது, காற்று திரும்பியதால் இன்று பாலத்துக்குத் தெற்கே நகர்ந்துவிட்டது’ என்று சொல்பவரையே நம்பலாம். கீழைக் காற்றும் வற்றமும் எதிரெதிராக மோதும்போது முகத்துவார வாயில் அலைகள் செங்குத்தாக எழும். அன்று வெளியே போகமாட்டேன் என்று மறுக்கிற படகோட்டி உங்களை ஏமாற்றவில்லை. தம் தொழிலைச் சரியாகச் செய்கிறார்.

3. கொண்டுசெல்ல வேண்டியவை

கருவிகள் படகிலேயே இருக்கும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை, தரையில் கறைபடாத அடியுள்ள காலணி, குடிநீர் ஆகியவை போதும். கண்ணாடியைச் செலவு என்று கருதித் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் நீரின் மேற்பரப்பில் வெயில் பளபளப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்பது அங்குள்ளோர் பலரின் நம்பிக்கை. சிரித்துக்கொண்டே சொன்னாலும் பழத்தைக் கரையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

4. இரை

முதல் அரைமணி நேரம் பெரும்பாலும் வீச்சுவலைக்கே போகும். வழிகாட்டி படகின் முகப்பில் நின்று, விரல்மடவைக் கூட்டத்தின் முன்பக்கம் வலை விரிந்து விழும்படி வீசுவார். அந்நேரத்தில் நீங்கள் செய்யவேண்டியது, காலடியோசை எழுப்பாமல் இருப்பதும், வலை ஏறியவுடன் மீன்களைத் தாமதமின்றித் தொட்டியில் சேர்க்க உதவுவதுமே. தொட்டியை நிரப்பி வழியவிட்டால் மூச்சுக்காற்றுக் குறைந்து எல்லா மீன்களும் சோர்ந்துவிடும். சோர்ந்த இரையை ஸ்னூக் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரையை முள்ளில் கோக்கும் விதத்தை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். கையை நீரில் நனைத்துக்கொண்டு, மடவையின் தலையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெதுவாகப் பிடித்து, மேலுதட்டின் அடியிலிருந்து மூக்குத்துளைப் பக்கமாக முள்ளை ஏற்றவேண்டும். நீரோட்டத்தில் இழுபடும்போது மீன் நேராக நிற்பதற்கு இதுவே ஏற்றது. ஓட்டமில்லாத இடத்தில் இரை படகைவிட்டு விலகி நீந்தவேண்டுமானால், வாலுக்கு முன்னால் அடித்துடுப்பின் அருகே மெல்லிய சதையில் கோக்கலாம். முள் கண்ணை நோக்கியோ முதுகெலும்பை நோக்கியோ போனால் அந்த இரை வீண்.

உயிர் இரைக்கு சர்க்கிள் ஹூக் எனப்படும், நுனி உள்நோக்கி வளைந்த முள்ளே பயன்படுகிறது. விரல்மடவைக்கு 3/0 முதல் 5/0 வரையிலான அளவு பொருந்தும். 20 பவுண்ட் இழுவை தாங்கும் பின்னல் நரம்பும், அதன் நுனியில் 30 அல்லது 40 பவுண்ட் தாங்கும் ஃபுளூரோகார்பன் லீடரும் (முள்ளுக்கு முன் கட்டும் உறுதியான நரம்புத்துண்டும்) வழக்கம். ஸ்னூக்கின் செவுள்மூடி கத்திபோல் கூர்மையானது என்பதால் லீடர் இல்லாமல் வீசுவதில் பயனில்லை.

5. மடவைக் கூட்டத்தைப் படித்தல்

இந்தப் பகுதியை இருமுறை வாசியுங்கள். நிம்மதியாக நகரும் மடவைக் கூட்டம், நீரின்மேல் தூறல் விழுவதைப் போன்ற சிறு நெளிவுகளாகத் தெரியும். அவ்வப்போது ஒரு மீன் மட்டும் துள்ளி, பக்கவாட்டில் தொப்பென்று விழும். இதைக் கண்டதும் புதியவர்கள் பரபரப்படைகிறார்கள். மடவை துரத்தப்படாவிட்டாலும் துள்ளுகிற மீன் என்பதால் இதற்குப் பொருள் ஏதுமில்லை. பொருளுள்ளது எதுவென்றால், பத்து இருபது மீன்கள் ஒரே நொடியில் ஒரே திசையில் தெறிப்பது. அவை எந்தப் பக்கத்திலிருந்து விலகித் தெறிக்கின்றனவோ அந்தப் பக்கத்தில் வேட்டைமீன் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே திடீரென்று வட்டமாக ஒரு வெற்றிடம் உண்டானால், அதன் அடியில் ஏதோ நிற்கிறது. கூட்டம் கற்சுவரை ஒட்டி நெருக்கிக்கொண்டு நகர்ந்தால், வெளிப்பக்கம் போக அஞ்சுகிறது என்று பொருள்.

எந்த வேட்டைமீன் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். ஸ்னூக் இரையை உறிஞ்சும்போது சுருக்கமாக ஒரு வெடிச்சத்தம் கேட்கும். பெரும்பாலும் நிழலோரம், தூணோரம். பாரை கூட்டமாக வந்து மேற்பரப்பையே கலக்கிவிட்டு அடுத்த நிமிடம் காணாமற்போகும். டார்பன் காற்றைக் குடிக்க மேலே வரும் மீன். அதன் வெள்ளி முதுகு சோம்பலாகப் புரண்டு மறைவதைக் காணலாம். பாதியாக வெட்டுண்ட மடவைகள் மிதந்தால் புளூஃபிஷ் அல்லது ஸ்பானிஷ் மேக்கரல் வந்திருக்கிறது. அப்போது லீடரைத் தடிப்பாக மாற்றச் சொல்லுங்கள்.

இனி, எங்கே வீசுவது? கூட்டத்தின் நடுவில் வீசவேண்டாம். ஆயிரக்கணக்கான மடவைகளுக்கிடையே உங்கள் மடவையும் ஒன்றாகிவிடும். அதைத் தேர்ந்தெடுக்க வேட்டைமீனுக்குக் காரணமே இல்லை. கூட்டத்தின் ஓரத்தில், அல்லது அது கடந்துபோன தடத்தில் சில அடி பின்னால் விழட்டும். தனித்துப் பின்தங்கித் தடுமாறும் மீனாக அது தோன்றவேண்டும். முகத்துவாரத்தில் என்றால், ஓட்டத்துக்கு மேற்புறம் வீசித் தூணருகே இயல்பாக மிதந்துவர விடுங்கள்.

6. கடியும் இழுவையும்

கடித்தவுடன் கம்பை வெடுக்கென்று மேலே தூக்குவதுதான் பலருடைய பழக்கம். சர்க்கிள் ஹூக்கில் அது செல்லாது. முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பை நீரை நோக்கித் தாழ்த்தி, நரம்பு இறுகும்வரை பொறுத்து, பிறகு சீராக ரீலைச் சுற்றினால் முள் கடைவாயில் தானே பதியும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றாதீர்கள், நரம்பு முறுக்கேறிவிடும். ஸ்னூக் தூணைச் சுற்றப் பார்க்கும் என்பதால் கம்பைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து இழுங்கள். டார்பன் துள்ளி எழும் ஒவ்வொரு முறையும் கம்பை அதை நோக்கி முன்னால் நீட்டித் தளர்த்தவேண்டும். இறுக்கமான நரம்பின்மேல் அந்த எடை விழுந்தால் அறுந்துவிடும்.

7. விடுவதும் வைத்துக்கொள்வதும்

இங்கே விதிகள் கடுமையானவை. டார்பனைப் பிடித்து விடத்தான் வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைப் படம் எடுப்பதற்காகக்கூட நீரைவிட்டு வெளியே எடுக்கக்கூடாது. இந்தியன் ரிவர் லகூன் பகுதியில் ரெட் டிரம் மீனையும் விட்டுவிடவேண்டும் என்ற விதி 2022 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அட்லாண்டிக் பக்கத்தில் ஸ்னூக்கை வைத்துக்கொள்ளும் பருவம் செப்டம்பர் 1 அன்று திறந்து டிசம்பர் 14 வரை நீடிக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்று, அதுவும் 28 முதல் 32 அங்குலம் வரை, வாலைக் குவித்து அளந்தபடி. இவை மாற்றப்படக்கூடியவை, பயணத்துக்கு முந்தைய நாள் மாநில மீன்வள ஆணையத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். விடப்போகும் மீனை உலர்ந்த துணியால் பிடிக்காமல் நனைந்த கையால் வயிற்றைத் தாங்கி, நீரில் நிறுத்தி, தானே உதைத்துச் செல்லும்வரை பொறுங்கள்.

வைத்துக்கொள்ளும் ஸ்னூக்கைக் கரை சேரும்வரை முழு மீனாகவே பனிக்கட்டியில் வைக்கவேண்டும். துறையில் வழிகாட்டி அறுத்துத் தருவார். கூலிக்குமேல் 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு தருவது அங்கே வழக்கம். அறுக்கும்போது தோலை முற்றிலும் நீக்கச் சொல்லுங்கள். தோலோடு சமைத்தால் குழம்பிலும் வறுவலிலும் சோப்பு வாடை அடிக்கும்.