கேள்வி பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்

பிள்ளைகள் தாங்களே ஆய்வு செய்து அறிக்கை தரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஆய்வுத் தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் பள்ளியைச் சுற்றிப் பார்த்து, தோன்றும் கேள்விகளை நோட்டில் எழுதட்டும். அதில் அளந்து பார்க்க முடிகிற ஒன்றை அவர்களே எடுக்கட்டும்.

எங்கள் எட்டாம் வகுப்பு கேட்டது இது: "சத்துணவுக் கூடத்துக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கே டீச்சர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகும்?" அளவுக் குடுவையை வைத்தார்கள். 100 மி.லி. நிரம்ப 5 நிமிடம். இதே வேகத்தில் போனால் நாளொன்றுக்கு 28.8 லிட்டர்!

ஒருமுறை அளந்ததோடு விடாதீர்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அளக்க வையுங்கள். மாலையில் சொட்டு மெதுவானது. ஏன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் மாடிக்கு ஏறி, தொட்டியில் நீர்மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தப்பாக எழுதிய எண்ணை அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதட்டும். சார்ட் வேலைக்கு ஒரு மாலை போதும். அறிக்கை அவர்கள் நடையிலேயே இருக்கட்டும், எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள்.

தலைமை ஆசிரியரிடம் கணக்கைக் காட்டி வாஷர் மாற்ற வைத்தார்கள். மறுநாளும் குடுவையை வைத்து அளந்தார்கள்.