குளிர்காலத்தில் காருக்குள் வீசும் ஈரவாடையைப் போக்குவது எப்படி?

குளிர்காலத்தில் கார்க் கதவைத் திறந்ததும் குப்பென்று வரும் பூஞ்சை வாடைக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். கண்ணாடிகள் எப்போதும் மூடியே இருப்பதால், நனைந்த காலணிகளும் நம் மூச்சுக்காற்றும் கொண்டுவரும் ஈரம் வெளியேற வழியின்றித் தரைவிரிப்பிலும் இருக்கைகளிலும் தங்கிவிடுகிறது. அந்த ஈரம் ஓரிரு நாள் காயாமல் கிடந்தாலே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். இந்த நிலையில் வாசனைத் திரவியம் வாங்கி மாட்டுவது வீண் செலவு.

முதல் படி, ஈரம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். மேட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, தரைவிரிப்பின் மீது உலர்ந்த டிஷ்யூ தாளை வைத்து உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள். விரிப்பின் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் அதன் அடியில் உள்ள தடித்த பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், வெறுமனே தடவிப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. முன்னிருக்கைகளின் கால் வைக்கும் பகுதி, பின்னிருக்கையின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகிய எல்லா இடங்களிலும் இப்படிச் சோதியுங்கள். ஈரம் தென்பட்டால், கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறதா, முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளைச் சருகுகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாடை இனிப்பாக இருந்து, முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற படலமும் படிந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது உலர்த்துதல். கனமான துண்டை விரித்து, தேய்க்காமல் அழுத்தி நீரை ஒற்றி எடுங்கள். பின்னர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, அடியில் காற்றுப் புகும்படி மின்விசிறியை வையுங்கள். பஞ்சு முழுவதும் காயச் சில நாட்கள் ஆகலாம். சீக்கிரம் காயட்டும் என்று மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

காய்ந்த பிறகு வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்து, வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, துணி இருக்கைகளில் லேசாகத் தெளித்துத் துடையுங்கள். வினிகருடன் பிளீச்சிங் கரைசலை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். இருக்கைகள் நன்றாக உலர்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, ஓரிரவு விட்டு உறிஞ்சி எடுத்தால் மிச்ச வாடையும் குறையும்.

இத்தனைக்கும் பிறகு ஹீட்டரைப் போடும்போது மட்டும் வாடை வந்தால், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். பல கார்களில் இது க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது; கழற்றும் முறை காரின் கையேட்டிலேயே இருக்கும்.

இனி வாடை திரும்பாதிருக்க, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஹீட்டருடன் ஏசியையும் சேர்த்துப் போட்டால், காற்றிலுள்ள ஈரம் ஏசியின் குளிர்ந்த குழாய்களில் படிந்து வெளியே வடிந்துவிடும். கடுங்குளிரில் மட்டும் ஏசி தானாகவே நின்றுவிடும். போய்ச் சேருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஏசியை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டால் அந்தக் குழாய்களும் காய்ந்துவிடும்.