கேதார்கந்தாவுக்குப் பனிக்காலத்தில் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

உத்தரகாண்டில் பனியில் நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் போவது கேதார்கந்தா மலைக்குத்தான். உச்சி சுமார் 12,500 அடி. புதியவர்களும் ஏறலாம் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி ஜீன்ஸும் பருத்தி பனியனுமாக, ஏற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரியில் வந்து இறங்குகிறார்களே, அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

குளிருக்குப் பயந்து இருக்கிற துணியையெல்லாம் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பிப்பார்கள். ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்குப் போகும் காட்டுப் பாதை ஏற்றம், அரை மணி நேரத்தில் முதுகு தொப்பலாக நனைந்துவிடும், அப்புறம் தேநீருக்காக நிற்கும்போது காற்று அடித்தால் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், பருத்தி வேறு சீக்கிரம் காயாது. கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பரவாயில்லை. உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், நின்றவுடன் போட்டுக்கொள்ள மேலாக ஒரு தடித்த ஜாக்கெட், இது போதும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு மூன்று சாக்ஸைத் திணிக்காதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸை நனையாமல் தனியாக வையுங்கள்.

தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அதனால் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடி அடைக்காது.

இறக்கத்தைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உச்சிக்கு விடியுமுன் இருட்டிலேயே கிளம்புவார்கள், அப்போது பனி கெட்டியாக இருப்பதால் ஷூவில் மாட்டிய மைக்ரோஸ்பைக் (வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் கூர்முனைச் சங்கிலி) நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறிப் பனி இளகியதும், இனி எதற்கு என்று கழற்றிவிடுவார்கள். ஆனால் பலர் மிதித்து இறுகிய பனி, மர நிழலில் கண்ணாடி மாதிரி ஐஸாகக் கிடக்கும், பார்க்க ஈரமண் போலத்தான் தெரியும். கூடாரம் வந்து சேரும்வரை கழற்றாதீர்கள். அதே சமயம் ஸ்பைக்கோடு உட்கார்ந்து சறுக்கவே கூடாது, கம்பி பனியில் குத்தி நின்றால் உடம்பு மட்டும் கீழே போகும், கணுக்கால் முறியும்.

மேகமாக இருந்தாலும் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக்கதிர் என்ன செய்தது என்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். சன்ஸ்க்ரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் பூசுங்கள், அங்கேயும் வெந்துபோகும்.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லி உடனே கீழே இறங்குங்கள். பிராந்தி குடித்தால் சூடு வரும் என்பது பொய். தோலுக்கு ரத்தம் பாய்வதால் இதமாகத் தெரியும், உள்சூடு வெளியேறிவிடும்.

தலையில் மாட்டும் டார்ச்சின் பேட்டரியை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும், மறுநாள் முதல் ஏற்றமே இருட்டில்தான்.